14 மாதப் படர்தாமரை: திருப்பூர் லைன் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் வேலை. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மாலை, ஷிப்ட் முடிந்த கையோடு மஞ்சள் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவர், என்ன தொந்தரவு என்று நான் கேட்பதற்குள் பையை மேசைமீது கவிழ்த்தார். 11 களிம்பு ட்யூப்கள் உருண்டன. சில, அடியிலிருந்து இறுக்கிச் சுருட்டிக் கடைசிப் பொட்டு வரை பிதுக்கப்பட்டவை. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் 14 மாதமாக இருந்த அரிப்புக்கு, மருத்துவர் சீட்டு எதுவும் இல்லாமல், தெருமுனை மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கியவை அவை. பெயர்கள் பலவாக இருந்தாலும் பின்புறச் சிறிய எழுத்துகளைப் படித்தபோது, 9 ட்யூப்களில் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்னும், அழற்சியை அடக்கும் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்தோடும் பாக்டீரியா மருந்தோடும் கலந்திருந்தது.

படர்தாமரை என்னும் இந்தப் பூஞ்சை நோய் அரிதானதன்று; தோல் மருத்துவம் பார்க்கும் எவரும் ஒரே நாளில் பலமுறை காண்பது. ஆனாலும் இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம், முதல் முறை சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் என் சிகிச்சை தோற்றது. இரண்டாம் முறை ஏறக்குறைய அதே மருந்தில் குடும்பமே குணமடைந்தது. இடையில் மாறியவை, மருந்து வீட்டில் நோயிருந்த எல்லோருக்கும் போனதும், அந்த வீட்டின் துண்டு, கொடி, வாளி, கயிறு ஆகியவையுமே. குடும்பத்தினரின் ஒப்புதலுடன், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும் மாற்றியும் எழுதுகிறேன்.

முதல் வருகை

உள்பாவாடையின் நாடா இறுகும் கோட்டை ஒட்டி இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையாகவும், மார்புக்குக் கீழும், தொடையிடுக்கிலிருந்து பின்புறம் வரையும் நோய் பரவியிருந்தது. வழக்கமான படர்தாமரையில் விளிம்பு சிவந்து மேடிட்டுச் செதில் விடும்; நடுப்பகுதி தெளிந்து, பார்க்க ஒரு வளையம் போல இருக்கும். இவரிடம் வளையத்துக்குள் வளையம் இருந்தது. ஸ்டீராய்டைப் பூசிப் பூசி நிறுத்துகிறவர்களிடம் காணும் தோற்றம் இது: பூசும்போது அழற்சி அடங்குகிறது, நிறுத்தியதும் அடங்கிய இடத்தின் நடுவிலிருந்தே பூஞ்சை மறுபடி கிளம்புகிறது. தொடையின் உட்புறத்தில், பிரசவ வரிகளைப் போல ஆனால் செந்நீல நிறத்தில், தோல் மெலிந்து உள்வாங்கிய நீண்ட கோடுகள் இருந்தன. அவை பூஞ்சையின் வேலையல்ல; ட்யூபின் வேலை.

கெண்டைக்கால்கள் வேறொரு கதையைச் சொல்லின. அங்கே படர்தாமரை இல்லை. கோடையில் வெடித்த ஏரி மண்போலத் தோல் வறண்டு வெடித்திருந்தது. கேட்டபோது, அரிப்பு வந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு 3 முறை, குளிக்கும் வாளியில் கிருமிநாசினித் திரவம் ஊற்றி, சோப்பைப் பீர்க்கங்காய் நாரில் குழைத்துத் தேய்த்துக் குளிப்பதாகச் சொன்னார். "அழுக்கு இருந்தாத்தானுங்க டாக்டரம்மா இது வரும்?" என்று அவர் கேட்டதில் ஒரு வருத்தம் இருந்தது, இவ்வளவு சுத்தமாக இருந்தும் தனக்கு ஏன் வர வேண்டும் என்பது அதன் பொருள்.

வளையத்தின் விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். கிளைவிட்டு ஓடும் பூஞ்சை இழைகள் தெளிவாகத் தெரிந்தன. சர்க்கரை அளவும் கல்லீரல் பரிசோதனையும் இயல்பாக இருந்தன. கர்ப்பம் இல்லை என்பதும் உறுதி செய்யப்பட்டது. எல்லாக் களிம்புகளையும் நிறுத்தச் சொல்லி, உணவுக்குப் பின் விழுங்க இட்ரகோனசோல் மாத்திரையும், பூச ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பும் கொடுத்தேன். அளவையும் நாட்களையும் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. மருத்துவக் கட்டுரையின் புகைப்படமே மருந்துச் சீட்டாகக் கடைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன்; இட்ரகோனசோலோ, இதய நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேடு செய்யக்கூடியது, கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடு மோதக்கூடியது.

ஸ்டீராய்டை நிறுத்தியதும் முதல் இரு வாரங்களில் சிவப்பும் அரிப்பும் கூடும் என்று முன்கூட்டியே சொன்னேன். சொல்லாமல் விட்டால், புதிய மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிப் பழைய ட்யூபுக்கே பெரும்பாலோர் திரும்பிவிடுவார்கள். இவர் தாங்கிக்கொண்டார். அக்டோபரில் தோல் தெளிந்தது, செதிலிலும் பூஞ்சை இல்லை. மருந்தை நிறுத்தினோம்.

தீபாவளி கழிந்து 2 வாரத்தில் திரும்பி வந்தார். இடுப்பில் அதே பட்டை. கூடவே அழைத்து வந்திருந்த 9 வயது மகனின் கன்னத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவில் ஒரு வளையம்.

நான் கேட்ட கேள்வியின் பிழை

ஆகஸ்ட் மாதக் குறிப்பேட்டைப் புரட்டினேன். "வீட்டில் வேறு யாருக்கும் படர்தாமரை: இல்லை" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. கேட்டிருக்கிறேன், இல்லை என்று சொல்லியிருக்கிறார்; அவர் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் படர்தாமரை என்ற பெயரில் எதுவும் இருக்கவில்லை. கணவருக்கு இருந்தது "வேர்வைக் கடி". மகனுக்கு இடுப்பில் இருந்தது "சூடு", கன்னத்தில் வந்தது "தேமல்". மாமியாரின் கால்விரல் இடுக்கில் இருந்தது "சேத்துப்புண்". தேமலும் சேற்றுப்புண்ணும் தனி நோய்களுக்கும் வழங்கும் பெயர்கள்தாம் என்பதால், இந்தக் குழப்பத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நான் நோயின் பெயரைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது, வீட்டில் யாருக்கு எங்கே அரிக்கிறது என்பதைத்தான். இப்போது எல்லா நோயாளிகளிடமும் அப்படித்தான் கேட்கிறேன். பதில்கள் வேறு மாதிரி வருகின்றன.

மறு வாரம் குடும்பம் முழுவதையும் வரச் சொன்னேன். 39 வயதான கணவர் ஒரு சாயப்பட்டறையில் துணிக்கு நீராவி ஏற்றும் காம்பேக்டிங் பிரிவில் வேலை செய்பவர்; ஷிப்ட் முழுவதும் சட்டை நனைந்தே இருக்கும். தொடையிடுக்கில் தொடங்கிய நோய் பின்புறம் ஏறி, அரைஞாண் கயிறு கிடக்கும் இடத்தில் இடுப்பைச் சுற்றி முழு வளையமிட்டிருந்தது. மகனுக்கும் அதே இடத்தில், கறுப்புக் கயிற்றுக்கு அடியில். 62 வயதான மாமியாருக்கு இரு பாதங்களிலும் விரலிடுக்குகள் வெளுத்து ஊறியிருந்தன. இரண்டு பெருவிரல் நகங்கள் தடித்து மஞ்சளித்து நொறுங்கின. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்ததுதான், மாத்திரையும் எடுத்துவந்தார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 9.1 என்று வந்தது; சர்க்கரை கட்டுக்குள் இல்லை.

14 வயது மகளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. தன் துண்டை யாரும் தொடக் கூடாது என்று சிறு வயதிலிருந்தே பிடிவாதம் பிடிப்பவள், அதற்காகவே வீட்டில் கேலிக்கு ஆளானவள். ஒரு சிறுமியின் துண்டை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதை அறிவேன். ஆனால் குறித்து வைத்துக்கொண்டேன்.

கைபேசியில் வந்த 8 படங்கள்

வீட்டுக்குப் போய்ப் பார்க்க எனக்கு வாய்ப்பில்லை என்பதால், குளிக்கும் இடம், துணி துவைக்கும் இடம், காயப்போடும் கொடி, படுக்கை ஆகியவற்றைப் படமெடுத்து வரும்படி மகளிடம் சொன்னேன். 8 படங்களோடு வந்தாள். ஒரு மருந்துச் சீட்டைவிட அவை எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன.

லைன் வீடு, ஒரு அறையும் ஒரு சமையற்கட்டும். ஆறு வீடுகளுக்குப் பொதுவாக இரண்டு குளியலறைகள். குளியலறைக்குப் போகும் இருண்ட நடையில் ஒரு நைலான் கொடி. அதில் 3 துண்டுகள், வீட்டில் இருப்பதோ 5 பேர். மகளின் துண்டு தனியாக அறைக்குள் ஆணியில் தொங்கியது. எஞ்சிய நால்வருக்கும் இரண்டு துண்டுகள், மூன்றாவது கால் துடைப்பது. சோப்புப் பெட்டியில் தண்ணீர் தேங்கி, ஒரே சோப்பும் ஒரே பீர்க்கங்காய் நாரும் அதில் ஊறிக்கொண்டிருந்தன. ஒரு பெரிய வாளியில் எல்லோருடைய துணியும் சோப்புத் தூளில் ஒன்றாக ஊறின. ஏழாவது படத்தில் ஒரு புடவை மட்டும் கொடியில் தெரிந்தது. அது ஏன் என்று கேட்டேன். மகள் தாயைப் பார்த்தாள். தாய் குரலைத் தாழ்த்தி, உள்ளாடைகளை அந்தப் புடவைக்கு அடியில்தான் காயப்போடுவதாகச் சொன்னார். ஆறு வீட்டு ஆண்களும் நடமாடும் வாசல், வேறெங்கே போடுவது?

தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் பெண்களின் உள்ளாடைகள் வெயிலையே பார்ப்பதில்லை என்பதை நாம் பேசுவதில்லை. நடையின் இருட்டில், ஈரப் புடவைக்கு அடியில், ஒரு நாள் முழுக்கக் கிடந்தும் அரைகுறையாய்க் காய்ந்த துணியை மறுநாள் காலை உடுத்திக்கொண்டு, 10 மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து தைப்பவரின் தொடையிடுக்கு எப்படி உலர்ந்திருக்கும்?

படர்தாமரைப் பூஞ்சை உயிருள்ள தசைக்குள் போவதில்லை. தோலின் மேல் இருக்கும் இறந்த அடுக்கிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று வாழ்வது அது. நகத்திலும் முடியிலும் இருப்பதும் அதே புரதம். நாம் உதிர்க்கும் ஒவ்வொரு செதிலோடும் அதன் விதைத்துகள்களும் உதிர்கின்றன. துணியின் மடிப்பில் அவை மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணத் தண்ணீரில் சோப்புத் தூள் போட்டு ஊறவைத்தால் சாவதில்லை. ஒருவர் துணியிலிருந்து இன்னொருவர் துணிக்கு இடம் மாறுகின்றன, அவ்வளவே. 60 டிகிரிச் சூட்டில் துவைத்தால் அழிகின்றன. ஆக, ஆகஸ்டில் நான் ஒருவரின் தோலுக்கு மட்டும் மருந்து கொடுத்தேன். பூஞ்சையோ நால்வரின் தோலிலும், ஒரு கிழவியின் நகத்திலும், இரண்டு துண்டிலும், ஒரு வாளியிலும், இரண்டு அரைஞாண் கயிற்றிலும் இருந்தது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நோயாளி தன் பையிலிருந்து துவைத்த உள்ளாடை ஒன்றை எடுத்தார், காட்டுவதற்கென்றே கொண்டுவந்திருந்தார். உட்புறத்தை வெளியே திருப்பி, தொடை வளைவில் எலாஸ்டிக்கை மூடி ஓடும் தடித்த தையலை நகத்தால் விரித்தார். நூல்களுக்கு இடையில் வெண்மையான பொடி. "இது நான் போடற தையல்தானுங்க, நாலு நூல் ஓவர்லாக்கு. இதுக்குள்ள போனது அலசினா வராதுங்க" என்றார். நோய் அவர் உடலில் எங்கே தொடங்கியது என்று பார்த்தால், அந்தத் தையல் அழுந்தும் கோட்டில்தான்.

எது மாறியது, எது மாற மறுத்தது

துண்டு எளிதில் தீர்ந்தது. கம்பெனியிலிருந்து வெட்டுத் துணி வாங்கி வந்து 5 துண்டுகளின் ஓரத்தை 5 நிற நூலில் அவரே ஓவர்லாக் அடித்தார். மாமியாருக்கு மஞ்சள், கணவருக்கு நீலம் என்று. எழுதப்படிக்கத் தெரியாதவரும் தவறுதலாக எடுக்க முடியாது. நான் அச்சடித்துக் கொடுக்கும் "துண்டைப் பகிர வேண்டாம்" என்ற அறிவுரைத் தாளால் இத்தனை ஆண்டுகளில் நடக்காத காரியம் இது.

சுடுதண்ணீர் அவ்வளவு எளிதாக இல்லை. கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கும் குழாய்த் தண்ணீர் ஒரு பங்கும் கலந்தால் 60 டிகிரியை ஒட்டி வரும். அதில் உள்ளாடைகளையும் துண்டுகளையும் மட்டும் அரை மணி நேரம் மூடிவைத்துப் பிறகு துவைக்கச் சொன்னேன். கணவர் மறுத்தார். "எலாஸ்டிக் போயிருமுங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். அவர் சொன்னது சரி. சூடு பட்டால் எலாஸ்டிக் தளரத்தான் செய்யும். மூன்று மாதத்தில் புது ஜட்டி வாங்குவதா, மாதா மாதம் மருந்து வாங்குவதா என்று மனைவி கணக்குப் போட்டுக் கேட்டபின் பேச்சு முடிந்தது. கேஸ் செலவைக் கருதி வாரத்தில் 3 நாள் சுடுதண்ணீர் என்றும், மற்ற நாட்களில் துணியை உட்புறம் திருப்பித் தையல்மீது நன்றாகச் சூடான அயர்ன் பாக்ஸைத் தேய்ப்பது என்றும் முடிவானது. மருத்துவ நூல்கள் சொல்வதைவிட இது குறைவுதான். ஆனால் அந்த வீட்டில் நடக்கக்கூடியது இதுதான்.

காயப்போடுவதற்கு அவர்களே வழி கண்டார்கள். வாசலில் ஒரு முழ இடைவெளியில் இரண்டு கொடிகளைக் கட்டி, இரண்டிலும் புடவைகளை விரித்து, நடுவில் மூன்றாவது கொடியில் உள்ளாடைகளைப் போட்டார்கள். பக்கவாட்டில் யார் கண்ணிலும் படாது. மேலே உச்சி வெயில் நேராக இறங்கும்.

அரைஞாண் கயிறுதான் கடைசி வரை இழுத்தது. கணவரின் கயிறு பல ஆண்டுகளாக மாற்றப்படாதது. சிவப்பு நிறம் போய்க் கறுத்து, தாயத்தைச் சுற்றி மாவு போலச் செதில் படிந்திருந்தது. அந்தச் செதிலை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது, தோலில் கண்ட அதே இழைகள். கயிற்றைக் கழற்றிவிடலாம் என்று நான் சொன்னதும் மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "உசுரோட இருக்கற ஆம்பளைக்குக் கயித்த அறுக்கறதா? என்ன கண்ணு பேசற?" என்றார். இறந்த ஆணுக்கே அரைஞாணை அறுப்பது என்ற வழக்கத்தில் வளர்ந்தவரிடம் நான் பூஞ்சையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. புதுக்கயிற்றை முதலில் கட்டிக்கொண்டு அதன்பின் பழையதைக் கழற்றினால் இடுப்பு ஒரு கணமும் வெறுமையாக இராது என்று மருமகள்தான் சொன்னார். வாரா வாரம் ஒரு புதுக்கயிறு. தாயத்தைக் கொதிநீரில் போட்டெடுத்துக் கோத்துக்கொள்வது. குணமான பிறகு பேரனுக்கு வெள்ளி அரைஞாண் செய்துவிடலாம் என்று பாட்டி தாமாகவே சொன்னார். வெள்ளி உலோகம், துடைத்தால் உலர்ந்துவிடும்.

குளியலில்தான் நோயாளியின் நம்பிக்கையோடு நேராக மோத வேண்டியிருந்தது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது; பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை. சாதாரணச் சோப்புக் கட்டியோ 9 முதல் 10 வரை உள்ள காரம். ஒருமுறை சோப்புப் போட்டால் தோல் தன் அமிலத்தை மீட்டுக்கொள்ளச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த குளியல் வந்தால் மீளவே முடியாது. அதற்குமேல் நார், கிருமிநாசினி, ஆழ்குழாயின் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை என்பதால் இன்னும் அதிகம் தேய்க்கிறோம். சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்த சோப்புப் படிவு அலசினாலும் தோலில் தங்குகிறது. கெண்டைக்கால் வெடித்ததற்கும், பூஞ்சை இல்லாத இடங்களிலும் அரித்ததற்கும் இதுவே காரணம். சொறியும் நகம் பூஞ்சையை அந்த வெடிப்புகளுக்குக் கொண்டு சேர்க்கும் வாய்ப்பும் இருந்தது. தோலைக் காக்க அவர் மெனக்கெட்டு செய்த ஒவ்வொன்றும் தோலின் காவலைக் குலைத்திருந்தது.

இரண்டு குளியல் போதும், வேலையிலிருந்து வந்ததும் ஒன்று கட்டாயம் என்றேன். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும். நாரும் கிருமிநாசினியும் வேண்டாம். குளித்தபின் மடிப்புகளை ஒற்றித் துடைத்து, மின்விசிறியின் கீழ் ஐந்து நிமிடம் நைட்டியோடு இருந்து, முழுதும் உலர்ந்தபின் உள்ளாடை. கெண்டைக்கால்களுக்கு, ஈரம் முழுதும் போவதற்குள் தேங்காய் எண்ணெய். மடிப்புகளில் எண்ணெய் கூடாது. அங்கே அது வியர்வையை அடைத்து ஊறவைக்கும். ஒரே எண்ணெய் ஓரிடத்தில் மருந்தாகவும் ஒரு சாண் தள்ளிக் கேடாகவும் இருப்பதை விளக்க நேரம் பிடித்தது. உள்பாவாடை நாடாவை ஒவ்வொரு நாளும் வேறு உயரத்தில் கட்டுவது, கம்பெனிக்கு மாற்று உள்ளாடை ஒன்றை எடுத்துப்போய் மதிய இடைவேளையில் மாற்றிக்கொள்வது ஆகியவற்றை அவர் செய்தார். கணவரால் ஷிப்டின் நடுவில் மாற்ற முடியவில்லை; சாயப்பட்டறையில் அதற்கு இடமில்லை. ஷிப்ட் முடிந்ததும், ஈர உடையோடு டீக்கடையில் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்து குளிப்பதை மட்டும் வழக்கமாக்கிக்கொண்டார்.

ஆகஸ்டுக்கு முன்பு மாமியார் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசியதாகவும், அது ஆறவில்லை என்பதால் பக்கத்து வீட்டார் சொன்னபடி பூண்டு அரைத்து வைத்ததாகவும் இப்போதுதான் தெரிந்தது. சீமை அகத்தி நம் ஊரில் வண்டுகொல்லி என்ற பெயரோடு படைக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது. அதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் ஸ்டீராய்டால் மெலிந்த தோலில் எந்த இலையும் எரியும். பூண்டோ நல்ல தோலையே கொப்புளிக்க வைக்கும். தொடையில் இருந்த கருந்தழும்பு ஒன்றுக்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது.

சிகிச்சையின் இரண்டாம் சுற்று

கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நாளில் இட்ரகோனசோல் தொடங்கினோம். அமிலத்தைக் குறைக்கும் வயிற்று மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இந்த மருந்து சரியாக உடலில் சேராது. கணவர் தினமும் காலையில் "கேஸ் மாத்திரை" ஒன்றைப் பழக்கமாகப் போட்டுவந்தது இந்த முறை கேட்டதால் வெளிவந்தது, அதை நிறுத்தினோம். மகனுக்குக் களிம்பு மட்டுமே போதுமானதாக இருந்தது. மாமியார் கொழுப்புக்கு மாத்திரை எடுத்துவந்ததால், அவருக்கு விரலிடுக்குக்குக் களிம்பும் நகத்துக்குப் பூச்சு மருந்தும் மட்டும் கொடுத்து, சர்க்கரைக்கு அவருடைய மருத்துவரிடம் அனுப்பினேன்.

களிம்பு பூசும் முறையைக் கையில் பூசிக் காட்டினேன். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபைப் பிதுக்கினால் அரை கிராம். அது, விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். வளையத்தின் நடுவில் மட்டும் பூசினால் பயனில்லை, பூஞ்சை ஓடிக்கொண்டிருப்பது விளிம்பில். விளிம்பைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை பூச வேண்டும், தோல் தெளிந்த பிறகும் 2 வாரம் தொடர வேண்டும். மேல்தோல் அடியிலிருந்து உருவாகி உதிர்ந்து முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பதால், அரிப்பு நின்ற நாளில் மருந்தை நிறுத்துகிறவர் பூஞ்சையைப் பாதி வழியில் விட்டுவிடுகிறார்.

நான்காம் வாரத்தில் மகனின் கன்னம் தெளிந்தது. எட்டாம் வாரத்தில் நோயாளியின் இடுப்பில் கருமை மட்டுமே மிஞ்சியது. கணவருக்குப் பத்து வாரம் ஆனது. நடுவில் சிறுநீரகக் கல்லுக்காக ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம் உறவினர் வீட்டுத் துண்டைப் பயன்படுத்தியதும், தொடையிடுக்கில் ஒரு சிறு வளையம் கிளம்பியது. அது உண்மையிலேயே துண்டால் வந்ததா, மாத்திரை விட்டுப்போனதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் சரிசெய்தோம், அடங்கியது.

இந்த நோய் இப்படி ஆனது எப்படி

இருபது ஆண்டுகளுக்கு முன் படர்தாமரை என்றால் இரண்டு வாரக் களிம்பில் முடிகிற நோய். 2014-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து இந்தியா முழுவதும் தோல் மருத்துவர்கள் வேறொன்றைப் பார்க்கத் தொடங்கினார்கள்: முகம் வரை பரவும், குடும்பத்தோடு வரும், மருந்தை நிறுத்தியதும் திரும்பும் படர்தாமரை. இதில் மேலோங்கி நிற்கும் பூஞ்சைக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. டெர்பினஃபின் என்ற பழைய பூஞ்சை மருந்து தாக்கும் நொதியில் ஏற்பட்ட மரபணு மாற்றத்தால், இந்த இனத்தில் பல அந்த மருந்துக்கு அடங்குவதில்லை. நியூயார்க்கிலும் நோயாளிகள் இருப்பது 2023-இல் அறிவிக்கப்பட்டது. என் நோயாளியின் பூஞ்சையை இன வாரியாகப் பிரித்தறியும் சோதனை செய்யப்படவில்லை; அது இவ்வினமே என்று நான் சொல்லவில்லை.

பூஞ்சைமீது மட்டும் பழியைப் போடுவது நேர்மையாகாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை ஓரிரு நாளில் நிறுத்திவிடும். அதனால்தான் மக்கள் அதை நல்ல மருந்து என்று நம்புகிறார்கள். ஆனால் தோலின் எதிர்ப்பை அடக்குவதுதான் அதன் செயல், அடங்கிய தோலில் பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. 2018-இல் மத்திய அரசு, தோலில் பூசும் பல ஸ்டீராய்டுக் களிம்புகளுக்கு இருந்த விலக்கை நீக்கி, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி செய்தது. என் மேசைமீது உருண்ட 11 ட்யூப்களும் அதற்குப் பின் வாங்கப்பட்டவை. கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தோல் மருத்துவரைப் பார்க்க ஒரு ஷிப்ட் கூலியை இழக்க வேண்டும். ட்யூப் தெருமுனையில் இரவு பத்து மணிக்கும் கிடைக்கிறது.

ஆறு மாதத்துக்குப் பின்

ஜூன் மாதம் கடைசியாக வந்தார்கள். நால்வரின் தோலிலும் நோய் இல்லை. மாமியாரின் எச்பிஏ1சி 7.4-க்கு இறங்கியிருந்தது, பெருவிரல் நகத்தின் அடியில் நல்ல நகம் பாதி தூரம் வளர்ந்திருந்தது. கால் நகம் முழுதும் புதிதாக வர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால் அதுவரை அவருக்குத் தனிச் செருப்பும் தனிக் கால்மிதியும் தொடர்கின்றன. நோயாளியின் கெண்டைக்கால் மென்மையாக இருந்தது. தொடையின் கோடுகள் செந்நீலம் மாறி வெளுத்திருந்தன. "இது எப்பங்க போகும்?" என்று கேட்டார். போகாது, இதைவிடச் சற்று மங்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

கிளம்பும்போது மகள் புதிதாக எடுத்த படம் ஒன்றைக் காட்டினாள். வாசல் வெயிலில் இரண்டு புடவைகளுக்கு நடுவே கொடி. பக்கத்தில் ஐந்து நிற ஓரத்தோடு ஐந்து துண்டுகள். அதே கொடியின் மறுகோடியில், அவற்றை ஒட்டி, ஓரத்தில் நிறத்தையல் இல்லாத இரண்டு துண்டுகளும் காய்ந்துகொண்டிருந்தன. எதிர் வீட்டாருடையவை என்றாள். அந்த வீட்டு அக்காவுக்கும் இடுப்பில் அரிக்கிறதாம்; தெருமுனைக் கடையில் ட்யூப் வாங்கிப் பூசுகிறாராம். கொடியைத் தனியாகக் கட்டும்படியும், அவரை ஒருமுறை அழைத்து வரும்படியும் சொல்லி அனுப்பினேன். இதை எழுதும் வரை அவர் வரவில்லை.